ஒட்டச் சொன்னவள்

அத்தியாயம் 12

உமாராணிக்குக் குதிகால் இரண்டும் எரிந்தன. கூலிம் ஹைடெக் பூங்காவில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால். தொழிற்சாலை பஸ்ஸில் உட்கார்ந்து வந்தால் குறையும் என்று பார்த்தாள். பண்டார் பாருவில் இறங்கும்போது கூடியிருந்தது. ஷூவின் பின்புறத்தை மிதித்துக்கொண்டே வீடு வரை நடந்தாள்.

காலை எட்டு மணி. பத்தரைக்கு டாக்டர். நடுவில் தூங்க நேரமில்லை.

அப்பா சின்னையா முன்னறையில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழே போட்டார். பிறகு கீழிருந்து மேலே கழற்றினார். எழுபத்தாறு வயது. முப்பத்தெட்டு வருடம் ரப்பர் மரம் சீவியவர். அல்சைமர் என்று டாக்டர் பேர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது.

"வந்துட்டியா?" என்றார்.

"வந்துட்டேன்ப்பா. நான் யாரு?"

"கேள்வி கேக்கிறவ."

போன வியாழக்கிழமை அவர் குளியலறையில் விழுந்தார். முதலில் வாந்தி, பிறகு மயக்கம். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நாடி நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு. சட்டையைக் கழற்றிய நர்ஸ் மிஸ்ஸி அவர் உடம்பிலிருந்து நாலு மருந்து பேட்ச்களை உரித்தெடுத்தார். ஒரு நேரத்தில் ஒன்றுதான் இருக்க வேண்டும். மருந்து தோல் வழியாக இறங்கும் சாமான் அது. போன வருடம் கொடுத்த மாத்திரையில் வாந்தியெடுத்து ஐந்து கிலோ இளைத்துப்போனார் என்றுதான் டாக்டர் பேட்ச்சுக்கு மாற்றியிருந்தார்.

பேட்ச் தொடங்கிய முதல் பதினாலு நாள் அவர் குருணில், மகன் விக்னேஸ்வரன் வீட்டில் இருந்தார். விழுந்தது அங்கிருந்து திரும்பிய ஐந்தாம் நாள்.

"தோள்ல இருக்கிறது குருண்ல ஒட்டினது," என்று ஆஸ்பத்திரியில் அம்மா மருதம்மாள் சொன்னாள். உமாராணிக்கு அது போதுமாக இருந்தது. நடைபாதையில் நின்றபடியே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அண்ணி ஷாமளாவுக்கு ஒரு குரல் பதிவு போட்டாள்.

"அண்ணி, எங்கப்பா என்ன சுவரா, ஒண்ணு மேல ஒண்ணா நாலு போஸ்டர் ஒட்ட? நீங்க டீச்சர்தானே?"

ஷாமளா குரூப்பை விட்டு வெளியே போனாள். மீதம் பதினேழு பேர். எல்லாரும் கேட்டிருந்தார்கள்.

மருதம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

இன்றைக்கு டாக்டரிடம் போவது வேறு மருந்து முடிவு பண்ண. மிச்சமிருக்கிற பேட்ச் அத்தனையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

"மருந்துப் பை எங்கம்மா?"

"அலமாரில மேல் தட்டு. எடுத்துக்க. நான் அந்தப் பெட்டியை இனிமே தொட மாட்டேன்."

மருதம்மாள் அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஒரு கோயோ, இடுப்பில் இரண்டு. கோயோ என்பது சீன மருந்துக்கடையில் விற்கிற வலிப் பிளாஸ்திரி. தோட்டத்தில் வேலை செய்தவர்கள் யாரும் அதை ஒட்டக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வலிக்கிற இடத்தில் ஒட்ட வேண்டும். தானாக விழும்வரை விட வேண்டும். பாதியில் உரித்தால் மருந்து செத்துவிடும். வலி நிற்காவிட்டால் பக்கத்தில் இன்னொன்று. நாற்பது வருடம் அப்படித்தான் ஒட்டிக்கொண்டு அவள் ரப்பர் பால் வாளி தூக்கினாள்.

உமாராணி பையிலிருந்த பேட்ச் பெட்டியை மேசையில் கொட்டி எண்ணினாள். தொழிற்சாலையில் அவள் வேலையே அதுதான்: பெட்டிக்குள் போவது எத்தனை, வெளியே வருவது எத்தனை, பொருந்தாவிட்டால் லைனை நிறுத்த வேண்டும்.

எட்டு பேட்ச் இருந்தது.

பையின் முன்பக்கத்தில் ஜிப் வைத்த இன்னொரு பகுதி. அதை இந்தப் பதினோரு நாளில் அவள் திறக்கவில்லை. உள்ளே நாட்காட்டியிலிருந்து கிழித்த ஒரு மாதத் தாள், நாலாக மடித்து.

விரித்தாள். பதின்மூன்று தேதிக் கட்டங்களில் பதின்மூன்று பழைய பேட்ச்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் பேனாவில் நேரம், இடம். காலை 7, இடது தோள். காலை 7, முதுகு வலது. ஷாமளா குருணில் சின்னப் பிள்ளைகள் பள்ளியில் டீச்சர். நட்சத்திரம் ஒட்டிப் பழகிய கை. பதினாலாவது கட்டத்தில் பேட்ச் இல்லை. எழுத்து மட்டும் இருந்தது.

"இன்று வலது தோள். நாளை காலை 7க்கு இதை எடுத்துவிட்டு, புதுசு இடது பக்கம்."

உமாராணி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு கணக்குப் போட்டாள். பெட்டியில் முப்பது. குருணில் பதினாலு. இங்கே வந்தது பதினாறு. ஐந்து நாளுக்கு ஐந்து போனால் மீதம் பதினொன்று. குருண் பேட்ச்சோடு ஆறு இருக்க வேண்டிய உடம்பில் நாலுதான் இருந்தது; இரண்டு குளிக்கையில் தானாக விழுந்திருக்கும்.

"ம்மா, மூணு குறையுது."

"என்ன மூணு?"

"பேட்ச்."

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"எலிக்கு என்ன மறதி நோயா?"

முன்னறையிலிருந்து சின்னையா சிரித்தார். எதற்கென்று தெரியவில்லை.

மருதம்மாள் அடுப்பை அணைத்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்தாள். உட்காரும்போது கைலியை முழங்காலுக்கு மேலே இழுத்துக்கொள்வது அவள் பழக்கம். உமாராணி பார்த்தாள். ஒரு முழங்காலில் இரண்டு, இன்னொன்றில் ஒன்று, சிவந்து தடித்த தடம். கோயோ சதுரம். இந்தத் தடம் வட்டம், ஐம்பது சென் காசளவு.

மருதம்மாள் கைலியை இறக்கிவிட்டாள்.

"நீதானே சொன்ன," என்றாள்.

"என்ன சொன்னேன்?"

"கோயோ மாதிரிதான்மா, ஒரு நாளைக்கு ஒண்ணு ஒட்டுன்னு. அன்னைக்கு ஷாமளா உங்கப்பாவைக் கொண்டாந்து விட்டுட்டு உன்கிட்ட என்னமோ சொல்லிக்கிட்டு நின்னா. நீ சரி சரின்ன. பஸ்காரன் ஹாரன் அடிச்சான். என்கிட்ட இதைச் சொல்லிட்டு ஓடிட்ட."

அது நடந்தது அப்படியேதான். சனிக்கிழமை சாயங்காலம், ஒரு கை பையில், ஒரு கை கேட்டில். ஒட்டு என்று சொன்னாள். எடு என்று சொல்லவில்லை.

"இது மூளைக்குப் போற மருந்தும்மா."

"அதை யாரு சொன்னா? முழங்கால்ல வச்சா முழங்காலுக்குப் போகும்னு நெனச்சேன். கவர்மெண்ட் சாமானாச்சே, நல்லதா இருக்கும்னு ஒட்டினேன். மறுநாளே ஒரே குமட்டல். காத்துன்னு இஞ்சி குடிச்சேன்."

"ஆஸ்பத்திரில அப்பாகிட்டேருந்து நாலு எடுத்தப்பவே உனக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

"தெரிஞ்சிச்சு. வீட்டுக்கு வந்து என்னோடதைப் பிச்சிப் போட்டேன்."

"நான் அண்ணியைத் திட்டினப்போ?"

மருதம்மாள் கரண்டியைக் கழுவினாள். சுத்தமான பிறகும் கழுவினாள்.

"பதினாலு நாள் அவ பார்த்துக்கிட்டா, மனுசன் நல்லா திரும்பி வந்தாரு. அம்பது வருசம் குடும்பம் நடத்தின நான் அஞ்சே நாள்ல சாய்ச்சிட்டேன். இதை மருமக முன்னாடி எந்த வாயால சொல்றது?" கரண்டியை மாட்டினாள். "டாக்டர்கிட்ட சொல்லிக்க. அவகிட்ட சொல்லாத."

ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை. முழங்கால் வலி என்றாள்.

*

விக்னேஸ்வரன் கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்தான். குருணில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஐம்பது வயது. தங்கையின் கஞ்சில் என்ற பழைய சின்னக் காரிலிருந்து அப்பாவை இறக்கக் கைகொடுத்தான். தங்கையிடம் பேசவில்லை.

"இந்த ஆளு நம்ம தோட்டத்து லைன் வீடா?" என்று சின்னையா அவனைக் காட்டி உமாராணியிடம் கேட்டார்.

"மகன்ப்பா."

"யாரு மகன்?"

"உங்க மகன்."

"நல்லா வளர்ந்திருக்கான்."

டாக்டர் ஷாந்தினிக்கு நாற்பது வயது இருக்கும். அலோர் ஸ்டாரில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். கோப்பைப் பார்க்கும் முன் ஆளைப் பார்த்தார்.

"ஐயா, இண்டைக்கு என்ன கிழமை?"

சின்னையா யோசித்தார். "பெரட்டு இல்லாத கிழமை."

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுப்பது. டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

"நீ தோட்டத்துல எந்த டிவிஷன்மா?" என்றார் சின்னையா.

"ஆஸ்பத்திரி டிவிஷன், ஐயா."

"சம்பளம் எப்படி?"

"காணாது."

"எல்லா டிவிஷனும் அப்படித்தான்."

நாடி அறுபத்து நாலு. இருதயத்துக்கு ஈசிஜி எடுத்துப் பார்த்ததில் கோளாறில்லை. எடை ஒரு கிலோ குறைவு. டாக்டர் பேனாவை வைத்தார்.

"முதல்ல ஒண்டு சொல்றன். எந்த மருந்தும் போனதைத் திருப்பித் தராது. இறங்குற வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். சில பேருக்கு அதுவும் இல்லை. இது தெரிஞ்சுதான் நீங்கள் முடிவெடுக்கோணும்."

"அப்படின்னா எதுக்கு டாக்டர்?" என்றான் விக்னேஸ்வரன். "தூங்குறதுக்கு ஏதாச்சும் குடுங்க. அவரும் தூங்குவாரு, இவங்களும் தூங்குவாங்க."

"அதைக் குடுத்தா இன்னொருக்கா விழுவார். இந்த முறை இடுப்பெலும்பு. அவர் அடிக்கிறாரா? கத்துறாரா?"

"இல்ல. பொத்தான் போடுறாரு, கழட்டுறாரு."

"பொத்தானுக்கு மருந்து வேண்டாம்."

மிச்சம் மூன்று வழி இருந்தது. பழைய மாத்திரை: அவர் உடம்பு அதை ஏற்கவில்லை, அதைத் தள்ளிவிடலாம். வேறு வகை மாத்திரை ஒன்று: வயிற்றையும் நாடியையும் அவ்வளவாகத் தொடாது. ஆனால் வாரா வாரம் அளவைக் கூட்டிக் கொடுக்க வேண்டும், நாலு வாரத்துக்கு நாலு கணக்கு. சிலருக்குத் தலை சுற்றும், சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். மூன்றாவது, அதே பேட்ச், சின்ன அளவில் மறுபடி முதலிலிருந்து.

"மருந்தைத் தெரிவு செய்யிறது எனக்குக் கஷ்டமில்லை," என்றார் டாக்டர். "குடுக்கிற கை எதெண்டு சொல்லுங்கோ. நாலு பேட்ச் எப்பிடி வந்தது?"

விக்னேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆறு நாளாக அவன் கேட்க நினைத்த கேள்வி.

உமாராணி மேசைக்கடியில் ஷூவுக்குள்ளிருந்து குதிகாலை எடுத்தாள். அம்மா ஒட்டினாள் என்று சொன்னால் உண்மைதான். பாதி உண்மை.

"நான் சொன்னதுலதான் தப்பு டாக்டர். கோயோ மாதிரின்னு அம்மாகிட்ட சொன்னேன். பழசை எடுக்கணும்னு சொல்லல. அம்மா எனக்குத் தெரியாம தன் முழங்கால்லயும் மூணு ஒட்டியிருக்காங்க."

டாக்டர் திட்டவில்லை. "அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, நாடி பாக்கோணும்," என்று எழுதினார்.

விக்னேஸ்வரன் சுவரைப் பார்த்தபடி பேசினான். "ஆறு நாள். ஷாமளா அந்த வாய்ஸை எத்தனை தடவை போட்டுக் கேட்டான்னு தெரியுமா உனக்கு? ஸ்கூலுக்குப் போய்ட்டு வந்து கேக்கிறா. துணி மடிச்சிக்கிட்டே கேக்கிறா."

உமாராணி நாட்காட்டித் தாளை மேசையில் விரித்தாள்.

டாக்டர் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். "இது ஆர் செய்தது?"

"என் மனைவி," என்றான் விக்னேஸ்வரன்.

"வாந்தி இருந்ததா?"

"இல்ல. ரெண்டாவது வாரத்தில தானா கைலி கட்டினாரு. ஒரு நாள் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு."

"அது மருந்தாலயா, அவ கவனிச்ச விதத்தாலயா, இவ்வளவு சீக்கிரம் சொல்ல ஏலாது. ஆனா இந்தக் கை இருந்தா நான் பேட்ச்தான் குடுப்பன். நாலு கணக்கு மாத்திரையைவிட இது நல்லது. ஒரு நாளைக்கு ஒரு தரம். பழசை எடுத்து, புதுசு ஒட்டி, தேதி எழுதோணும். ஒரே நேரம்."

உமாராணி தன் நேரத்தை எண்ணிப் பார்த்தாள். பகல் ஷிப்ட் வாரம் இரவு எட்டிலிருந்து விடியற்காலை ஐந்தரை வரை வீட்டில் இருப்பாள். ராத்திரி ஷிப்ட் வாரம் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை. இரண்டு வாரத்துக்கும் பொதுவாக ஒரு மணி நேரம்கூட அவளிடம் இல்லை.

"அம்மா தொட மாட்டேன்னுட்டாங்க," என்றாள்.

"அப்ப மருமகளைக் கேளுங்கோ. திங்கட்கிழமைக்குள்ள எனக்குச் சொல்லுங்கோ. அதுவரைக்கும் ஒண்டும் வேண்டாம். ஆனா சும்மா இழுக்கவும் வேண்டாம். இவருக்கு நேரம் போகுது."

வெளியே வந்ததும் விக்னேஸ்வரன் அப்பாவைக் காரில் உட்கார வைத்து பெல்ட் போட்டுவிட்டான்.

"அண்ணே, நீங்க அண்ணிகிட்ட ஒரு வார்த்தை..."

"நான் சொல்ல மாட்டேன். ஏசினது நீ. நீயே கேளு."

*

மதியம் இரண்டு மணி. ஷாமளாவின் பள்ளி விட்டிருக்கும். உமாராணி முன்னறையில் உட்கார்ந்து, கால் இரண்டையும் உப்புத் தண்ணீர் வாளியில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். மருதம்மாள் அடுப்படி வாசலில் நின்றாள்.

நாலாவது மணியில் ஷாமளா எடுத்தாள்.

"அண்ணி."

"சொல்லு உமா." குரலில் கோபமும் இல்லை, வேறெதுவும் இல்லை. "மாமா சாப்பிட்டாரா?"

"கஞ்சி குடிச்சாரு."

"கஞ்சி மட்டும் பத்தாது. மீனை முள்ளெடுத்துப் பிசைஞ்சு குடு. அவரு கேக்க மாட்டாரு, குடுத்தா சாப்பிடுவாரு."

"சரி அண்ணி." உமாராணி தண்ணீரில் காலை அசைத்தாள். "காலண்டரைப் பார்த்தேன்."

"இப்பத்தானா?"

"இப்பத்தான்."

"முன்பக்கத்துலதான் வச்சேன். உன் கையில குடுக்கும்போது சொன்னேன்."

"டாக்டர் மறுபடியும் பேட்ச்தான் நல்லதுங்கிறாங்க. நீங்க ஒட்டினா மட்டும். இல்லாட்டி வேற மாத்திரை, அது வாரா வாரம் மாத்திக் குடுக்கணும், இங்க ஆள் இல்ல. அப்பா அங்க வந்து இருந்தா..."

"அன்னைக்கு யாரு ஒட்டினது உமா?"

மருதம்மாள் தலையை இடதும் வலதுமாக அசைத்தாள்.

"நான் தப்பா சொல்லிக்குடுத்தேன்," என்றாள் உமாராணி.

"நான் கேட்டது அது இல்லையே," என்றாள் ஷாமளா. "பரவால்ல, விடு. அத்தை கழுத்தைப் பார்த்தவளுக்குத் தெரியாதா? நாலு பேட்ச்னு நீ சொன்னப்பவே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் குரூப்ல சொல்லல?"

"என்னன்னு சொல்றது? உங்கம்மாதான் பண்ணாங்கன்னு பதினேழு பேருக்கும் சொல்லவா? அவங்க முகத்தை நான் அப்புறம் எப்படிப் பார்ப்பேன்? அதான் வெளியே போயிட்டேன்."

வாளித் தண்ணீர் ஆறிவிட்டது. உமாராணி காலை எடுக்கவில்லை. போன் சத்தம் அடுப்படி வரை கேட்கும். மருதம்மாள் வாசலில் இல்லை.

"மாமாவைக் கூட்டிட்டு வா," என்றாள் ஷாமளா. "நான் பாக்கிறேன். அவரு மேல எனக்கு என்ன கோவம்? ஆனா ஒண்ணு. நீ தனியா போன்ல சாரின்னு சொல்றது எனக்கு வேணாம். எங்க ஏசினியோ அங்கயே சொல்லு. என்னை குரூப்ல திரும்பச் சேர்த்துட்டு, நான் இருக்கும்போது சொல்லு. அத்தை பேரு வரக்கூடாது. உன் பேரு போதும். ஞாயித்துக்கிழமைக்குள்ள."

"சரி அண்ணி."

"சரின்னு அன்னைக்கும்தான் சொன்ன," என்றாள் ஷாமளா. வைத்துவிட்டாள்.

உமாராணி மூன்று மணி நேரம் தூங்கினாள். எழுந்து அப்பாவுக்கு மீன் பிசைந்து கொடுத்தாள். சாப்பிட்டார். "உப்பு கம்மி," என்றார். ஒரு வாரத்தில் அவர் சாப்பாட்டைக் குறை சொன்னது அதுதான் முதல் முறை.

ஐந்தே முக்காலுக்கு சீருடை போட்டுக்கொண்டு கேட்டருகில் நின்றாள். ஷாமளாவின் எண்ணை குரூப்பில் சேர்த்தாள். எல்லாருக்கும் அது தெரிந்தது. யாரோ உடனே ஒரு கும்பிடு போட்டார்கள்.

மைக் பொத்தானை அழுத்தினாள். "எல்லாருக்கும் வணக்கம்" என்று வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அந்தப் பதினேழு பேரில் தைப்பிங்கில் இருக்கிற அத்தையும் ஒருத்தி. கல்யாணமாகி மூன்றே வருடத்தில் உமாராணி திரும்பி வந்தபோது, இவ வாய்க்கு இவ்வளவு நாள் இருந்ததே பெருசு என்று சொன்னவள். அவளும் கேட்பாள். கேட்டுவிட்டு நாலு பேருக்குச் சொல்வாள்.

பதிவை அழித்தாள். மறுபடி அழுத்தினாள். பஸ்காரன் முனையில் திரும்பி ஹாரன் அடித்தான்.

உள்ளே சின்னையா பொத்தானை மேலிருந்து கீழே போட்டு முடித்திருந்தார். மருதம்மாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கழுத்திலிருந்த கோயோவை, தானாக விழும் முன், மெதுவாக உரித்துக்கொண்டிருந்தாள்.

உமாராணி போனைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். புதன்கிழமை. ஞாயிறுக்கு இன்னும் நாலு நாள். ஷாமளாவுக்கு ஒரு மன்னிப்பு பாக்கி, பதினேழு பேர் கேட்கும்படி, தன் பேரைச் சொல்லி. அதை அவள் இன்னும் கொடுக்கவில்லை.